417-ஆம் எண் உறுப்பினர்

நம்பாதவர்கள் அருப்புக்கோட்டையில் பஸ் ஏறி, திருச்சுழியில் இறங்கி, நூலகர் ஐயாத்துரையையே கேட்கலாம். ஆனால் கேட்காதீர்கள். பாவம், மனுஷன்.

அவர் வேலை பார்ப்பது ஒரு டிரஸ்ட் நூலகத்தில். அதன் தலைவருக்குப் புத்தகத்தைவிடத் திறப்பு விழாதான் பிடிக்கும். போன மார்ச்சில், பழைய கம்பெனியின் ஆன்லைன் கேட்டலாக்கைத் தூக்கிவிட்டு, 'உலகத் தரத்தில்' புதியது வாங்கினார். கம்ப்யூட்டருக்கு மாலை போட நாளும் நல்ல நேரமும் பார்த்தாகிவிட்டது.

அதற்கு முந்தின நாள், உறுப்பினர் பெயர்களைப் புதியதில் ஏற்றப் புதுக் கம்பெனி ஆள் சங்கர் மதுரையிலிருந்து வந்திருந்தான். மதியம் மூன்று மணி. வெளியே கருவேலமரம்கூட அசையாத வெயில். உள்ளே அவர்கள் இருவர் மட்டும். இறந்துபோன உறுப்பினர்களை நீக்கினால்தான் மற்ற பெயர்கள் புதியதில் ஏறும் என்றான். ஐயாத்துரை முப்பத்தொரு பேரை நீக்கினார். அடுத்த பெயரில் கை நின்றுவிட்டது.

"417 மட்டும் கெடக்கட்டுமே, தம்பி."

"யாரு சார்?"

"முருகலட்சுமி. என் சம்சாரம். ரெண்டு வருசமாச்சு."

சங்கர் தலையைச் சொறிந்தான். வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் சிஸ்டம் ஒத்துக்கொள்ளாது என்றான். சிஸ்டத்துக்கு என்ன, பொண்டாட்டியா, பிள்ளையா. ரேஷன் கார்டில் அவள் பெயரைப் போன வருடமே அடித்துவிட்டார்கள். அடிபடாமல் இருந்தது இந்த ஒரு இடத்தில்தான்.

3.12. ஐயாத்துரை தன் கையாலேயே அமுக்கினார்.

3.14. டக்...

மூலையில், வாசகர்கள் தங்கள் உறுப்பினர் எண்ணைத் தட்டி உள்ளே போய்ப் புத்தகம் தேட வைத்த கம்ப்யூட்டர். எல்லாரும் ஐயாத்துரையையே கேட்பதால் அதை யாரும் தொட்டதில்லை. இப்போதும் அதன் முன்னால் யாரும் இல்லை.

டக்... டக்...

எலி என்றான் சங்கர். போய்ப் பார்த்தார்கள்.

திரையில் 417. கீழே, 'அப்படி ஓர் உறுப்பினர் இல்லை.'

எண் அழிந்தது. மறுபடி 417.

இல்லை.

பிறகு எழுத்துகள். மெதுவாக... ஒற்றை விரலால் தேடித் தேடித் தட்டுவதுபோல...

மு... ரு... க...

சங்கர் வாசலுக்குப் போய்விட்டான்.

இல்லை.

மறுபடி...

இல்லை.

"நான்தான் அழிச்சேன், லட்சுமி..."

தட்டுவது நின்றது.

நாற்காலி பின்னால் நகர்ந்தது. கிர்ர்...

அப்புறம் சத்தமே இல்லை.

சாயங்காலம் வரை சங்கர் அந்தப் பெயரைத் திரும்ப ஏற்றப் பார்த்தான். ஏறவில்லை. மறுநாள் தலைவர் மாலை போட்டார். கை தட்டினார்கள்.

பத்து நாள் கழித்து சங்கர் போன் பண்ணினான். மூடுவதற்கு முன் பழைய சிஸ்டத்தின் பதிவுகளைப் பார்த்தானாம்.

"சார்... அவுக எறந்த மறுவாரத்துல இருந்து, நீங்க வேலைக்கு வந்த நாளெல்லாம் 417 உள்ள வந்திருக்கு. அந்த மூலைக் கம்ப்யூட்டர்லதான்."

"என்ன தேடுனா?"

"ஒண்ணுமே தேடலை, சார். நீங்க காலையில வந்ததும் வந்திருக்காக. நீங்க முடிச்சுட்டுக் கெளம்பையில போயிருக்காக. அம்புட்டுத்தான்."

ஐயாத்துரை மூலைப் பக்கம் திரும்பினார்.

"அன்னிக்கு மதியம் வரைக்கும் இருந்திருக்காக, சார்."