என் இடுப்பு அரிசியும் அஞ்சலையின் அவலும்

ஊறிய நெல்லைச் சட்டியில் போட்டு வறுக்கும்போது ஒரு வாசம் கிளம்பும் பாருங்கள்... பல்லேபொலவில் எங்கள் அடுப்படியில் புறப்பட்டு, லக்கல காட்டு யானைகளின் தும்பிக்கை வரை போய்ச் சேரும். என் வீட்டுக்காரி அஞ்சலை இதைக் கேட்டால், "இந்த மனுசன் வாயத் தொறந்தாலே புளுகு" என்பாள். நீங்களாவது நம்புங்கள், நண்பர்களே.

எழுபதுகளின் நடுப்பகுதி. நாடே பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்ற காலம். எங்களுக்கு மட்டும் ஒரு சாம்ராஜ்ஜியம் இருந்தது. அரை ஏக்கர் வயல், பன்னிரண்டு மிளகுக் கொடி, உழவுக்கு ஒரு சோடி எருமை, மூன்று பிள்ளைகள். ராஜா நான்தான்.

ஆட்சி அஞ்சலையுடையது.

களை எடுப்பாள், மிளகு பறிப்பாள், எருமையைத் திட்டுவாள், அதே மூச்சில் என்னையும் திட்டுவாள். எருமை தலையாட்டும். நானும்தான்.

அப்படியிருக்க ஒருநாள் எல்கடுவ தேயிலைத் தோட்டத்திலிருந்து அவள் தங்கச்சி காமாட்சியின் கடிதம் வந்தது. பிள்ளை பிறந்து ஒன்பது நாள். தோட்டத்தில் அரிசி இல்லை. மரவள்ளிக் கிழங்கும் தேத்தண்ணியும்தான். "அக்கா, எனக்குப் பால் சுரக்கல. புள்ள அழுதுகிட்டே இருக்கு."

அஞ்சலை கடிதத்தை மடித்து இடுப்பில் சொருகினாள். அன்று யாரையும் திட்டவில்லை. வீடு பயந்து போனது.

எங்களிடம் நெல் இருந்தது. கொண்டுபோகத்தான் வழியில்லை. அனுமதி இல்லாமல் அரிசியோ நெல்லோ ஊர் விட்டு ஊர் போகக்கூடாது என்று சட்டம். ரோட்டில் தடை போட்டு, பஸ்ஸை நிறுத்திச் சோதிப்பார்கள்.

"நான் கொண்டுபோறேன்" என்றேன், படையெடுக்கும் மன்னனைப் போல.

நாலு கொத்து அரிசியை ஒரு பழைய சேலைத் துணியில் குழாய் மாதிரிச் சுருட்டி, இடுப்பைச் சுற்றிக் கட்டி, மேலே சட்டை போட்டேன். கண்ணாடியில் பார்த்தால் ஒரு பெரிய முதலாளி தெரிந்தார்.

தடையில் எல்லோரையும் இறக்கினார்கள். பெரிய மீசை வைத்த ஒரு பொலிஸ் ஐயா வந்தார். சிங்களத்தில் மாத்தயா. நான் மூச்சை இழுத்துப் பிடித்தேன். அதுதான் பிழை... வயிறு உள்ளே போனது, முடிச்சு தளர்ந்தது. என் கால்சட்டை வழியாக அரிசி கொட்டத் தொடங்கியது. சரசரவென்று! மகாவலி ஆறே இறங்கி வந்ததுபோல! எங்கிருந்தோ இரண்டு கோழிகள் ஓடி வந்து என் செருப்பைக் கொத்தின.

மாத்தயா சிரித்த சிரிப்பில்தான் நான் ஜெயிலுக்குப் போகாமல் தப்பினேன். அரிசி தப்பவில்லை.

வெறுங்கையோடு வந்து நின்றவனை அஞ்சலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என் தங்கச்சி பட்டினி கெடக்குறா. நீங்க ரோட்டுக் கோழிக்கு விருந்து வச்சிட்டு வாறீங்களா?"

அவ்வளவுதான் சொன்னாள். நேரே போய் நெல்லை அளந்து தண்ணீரில் ஊறப்போட்டாள்.

ஊறிய நெல்லை வறுத்து, சூடு ஆறுமுன் உரலில் இடிக்க வேண்டும். பக்கத்துச் சிங்கள அக்கா இன்னொரு உலக்கையோடு வந்தார். ஒருவர் உலக்கை ஏறும்போது மற்றவர் உலக்கை இறங்கும். அந்த இடியில் மாத்தளை டவுனில் பாத்திரக் கடைச் சாமான்கள் ஆடியதாகக் கேள்வி! பெட்டி நிறைய அவல். மேலே வாழை இலையில் சுற்றிய கித்துள் மரத்துக் கருப்பட்டி.

மறுபடியும் பஸ், இந்தமுறை அஞ்சலையும் கூட. மறுபடியும் அதே மாத்தயா. முதலில் என் வயிற்றைத்தான் குத்திப் பார்த்தார். பிறகு பெட்டியைக் காட்டி, "மேக்கே மொனவாத?" என்றார். இதற்குள் என்ன என்று அர்த்தம்.

"ஹபல பெத்தி, மாத்தயா" என்றாள் அஞ்சலை. அவலுக்குச் சிங்களத்தில் அதுதான் பேர். குரலில் நடுக்கமே இல்லை. ஆனால் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அவள் விரல் நகம் சதைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இது அரிசிதானே?"

"அரிசின்னா பொங்கலாம். இத எப்படிப் பொங்குறது?"

"அப்ப நெல்லு?"

"நெல்லுன்னா மொளைக்கும். வெதச்சுப் பாருங்க மாத்தயா." கொஞ்சம் நிறுத்தி, "தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கு. பால் இல்ல" என்றாள்.

அவர் ஒரு சிட்டிகை எடுத்து மென்றார். பெட்டியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மூடியை அவரே மூடிக் கொடுத்தார்.

காமாட்சியின் ஒற்றை அறைக் காம்பிராவுக்குள் போய்ப் பெட்டியை வைத்தோம். அவளோ முதல் பிடியை வாயில் போடாமல் சுளகை எடுத்து, லயத்து வரிசை வீடுகளில் எத்தனை வாசலோ அத்தனை பங்கு பிரிக்கத் தொடங்கினாள்.

அஞ்சலைக்கு வந்த கோபத்தில் தகரக் கூரை பறந்திருக்க வேண்டும். "அடியே, ஒனக்குன்னு இடிச்சதுடி!"

"பக்கத்துக் காம்பிராவுலயும் புள்ள அழுவுதுக்கா. நான் மட்டும் எப்படித் திங்கிறது?"

அஞ்சலை தங்கச்சிக்கு ஊட்டிவிட்டு, மிச்சத்தை அவளே வாசல் வாசலாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடி நெல்லை ஊறப்போட்டாள். அறுவடை வரை வாரத்துக்கு ஒரு பெட்டி போனது. மாத்தயா பிறகு மூடியைத் திறக்கவே இல்லை. முதல் பெட்டி போன நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ காமாட்சிக்குப் பால் சுரந்தது. காமாட்சியைத் தன்னோடு வைத்திருக்கும் அந்தப் பெண்பிள்ளை இப்போது கண்டியில் டீச்சர். அது அதட்டினால் நானே எழுந்து நிற்பேன்.

இன்று எந்த ரோட்டிலும் அரிசியைத் தடுப்பார் இல்லை. லொறி லொறியாகப் போகிறது. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் மட்டும் டாக்டர் தடை போட்டிருக்கிறார்... சீனி வியாதி. பகலுக்கு ஒரு சின்னக் கோப்பைச் சோறு, அதற்கு மேல் கூடாது.

நேற்று அஞ்சலை போனில் குசுகுசுவென்று பேசியது காதில் விழுந்தது.

"மக ஸ்கூலுக்குப் போயிட்டாளா? அப்ப இன்னொரு அகப்பை போட்டுச் சாப்புடுடி. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."