அது அந்த மலையின் மண் இல்லை

புனேயில் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். கடக்வாஸ்லா அருகே ஒரு மலைச்சரிவின் களிமண்ணைச் சோதித்து, 'ஆபத்தில்லை' என்று அறிக்கை கொடுத்திருந்தேன். சரிவின் கீழே கட்டடத் தொழிலாளர்களின் குடிசைகள்.

மழை கொட்டிய ஒரு மதியம், அந்தச் சோதனையில் எடுத்த எக்ஸ்ரே வரைபடத்தை மறுபடி பார்த்தேன். கோடுகள் ஊசிபோல் நின்றன; துகள்களும் பெரியவை. பூமிக்கடியில் வெந்நீரில் விளைந்த களிமண்தான் அப்படி இருக்கும். இங்குள்ள கரும்பாறை மழையிலும் வெயிலிலும் சிதைந்து உண்டாகும் மண் மிக நுண்ணியது. அதன் கோடுகள் மழுங்கியிருக்கும், நனைந்தால் உப்பி வழுக்கும். நான் சோதித்தது போசரியிலுள்ள ஒரு பீங்கான் ஆலை அனுப்பிய மண். மண் பைகளைத் தவறுதலாக மாற்றி எடுத்துவிட்டேன்!

மலைச்சரிவில் கட்டட வேலையைப் பார்க்கும் இன்ஜினியரைப் போனில் அழைத்தேன்.

"சார், என் ரிப்போர்ட் தப்பு. ஆளுங்களை உடனே கிளப்பிடுங்க."

"என்னம்மா சொல்றீங்க?" என்றவர், "சரி, மொதல்ல கிளப்புறேன்" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் சரிவின் மண் இறங்கி, காலியான நான்கு குடிசைகளை மூடியது. அவர் என்னைத் திட்டவேயில்லை. திட்டியிருந்தால், 'ஆட்கள் உள்ளே இருந்திருந்தால்?' என்ற இந்தப் பயம் கொஞ்சமாவது குறைந்திருக்குமோ என்னவோ.