கண்டக்டரம்மாவும் மூன்று முட்டைகளும்

“உள்ள வாங்க, உள்ள வாங்க. முன்னாடி நிறைய இடம் இருக்கு. படியில யாரும் நிக்காதீங்க.”

அலையாத்திக் காட்டுக்குள் போகும் மரப்பாலத்தில் இருபத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டிருக்கிறார் கண்டக்டரம்மா. ஏற்றுவது என்றுதான் சொல்ல வேண்டும். ஆட்காட்டி விரலை அசைத்துத் தலைகளை எண்ணுகிறார். தோளில் குழந்தையோடு நிற்பவர் இரண்டாகக் கணக்காகிறார். கைப்பிடியில் சாய்ந்து படம் எடுக்கப் போன ஒருவரைத் திரும்பிப் பார்க்கிறார், அவ்வளவுதான். அந்த ஆள் நிமிர்ந்துகொள்கிறார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் நகரப் பேருந்தில் நடத்துநர். ஏழாம் நாள் இந்தக் கடலோரப் பூங்காவில் தன்னார்வலர். மஞ்சள் மேலங்கி அணிந்து, வருகிறவர்களுக்குக் காட்டையும் கரையையும் காட்டுகிறார். ஆறு வருடமாகிறது. வருகைப் பதிவேட்டில்கூட அவர் பெயர் ‘கண்டக்டரம்மா’தான். அவரே அப்படித்தான் எழுதுகிறார்.

அவர் படித்த இயற்கைப் பாடமெல்லாம் பேருந்து வழியாக வந்தது. சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைக் காட்டி, “சேத்துக்குள்ள காத்து கிடையாது. அதான் ஒவ்வொண்ணும் ஜன்னல் சீட்டுக்கு அடிச்சிக்குது” என்பார். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள நண்டு அதைத் தூக்கி ஆட்டினால், “பாருங்க, நின்னுக்கிட்டே வர்ற ஆளு, கம்பியத் தேடுது.” விலங்கியல் படித்த தன்னார்வலர் ஒருவருக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. ஆனால் அவர் பின்னால் ஏழு பேர் நடந்தால் இவர் பின்னால் இருபத்திரண்டு பேர் நடக்கிறார்கள். அதில் கண்டக்டரம்மாவுக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. மறைத்துக்கொள்ளத் தெரியாத பெருமை.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லவும் அவருக்குக் கூச்சமில்லை. தன்னார்வலர் அறையின் இரும்பு அலமாரியில் ஒரு நோட்டு இருக்கிறது. பதில் தெரியாத கேள்விகளை, கேட்டவர்களின் தொலைபேசி எண்ணோடு அதில் எழுதிவைப்பார். எனக்குத் தெரிந்த ஒரு வங்கி ஊழியருக்கு, நாலு மாதம் கழித்து மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்பு வந்ததாம். “சார், நண்டு தூங்குமான்னு கேட்டீங்களே. தூங்குதாம் சார்.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

இங்கே வந்து சேர்ந்த கதை சின்னது. அவர் பேருந்தின் கடைசி நிறுத்தம் பூங்கா வாசல். வண்டி திரும்புவதற்குள் பன்னிரண்டு நிமிடம் ஓய்வு. தண்ணீர் பிடிக்கப் போன ஒரு நாள், வனக்காவலர் தன் பைனாகுலரைக் கொடுத்து மணலைப் பார்க்கச் சொன்னார். குருவியைவிடக் கொஞ்சம் பெரிய, மணல் நிறப் பறவை ஒன்று குடுகுடுவென்று ஓடி, சட்டென்று நின்று, மறுபடி ஓடியது. “என்னங்க இது, டிக்கெட் எடுக்காதவன் செக்கரப் பாத்த மாதிரி ஓடுது?” என்றார் இவர். உப்புக்கொத்தி என்றார் காவலர். அன்று பேருந்து மூன்று நிமிடம் தாமதமாகப் புறப்பட்டது. ஓட்டுநர் இன்னும் அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

போன விடுமுறைக் காலத்தில் உப்புக்கொத்தி ஒன்று, காட்டிலிருந்து கடலுக்குப் போகும் குறுக்குப்பாதையில், நட்டநடு மணலில் மூன்று முட்டை இட்டது. கூடு கிடையாது. ஒரு சின்னப் பள்ளம், நாலு சிப்பித் துண்டு. இரண்டடி தள்ளி நின்றால் முட்டைக்கும் மணலுக்கும் வித்தியாசம் தெரியாது. தினமும் முந்நூறு, நானூறு பேர் நடக்கிற பாதை. முழுப் பூங்காவுக்கும் காவலர் இரண்டே பேர்.

“வேலி போட்டா?” என்று கேட்டிருக்கிறார் இவர்.

“வேலி மேல காக்கா வந்து உக்காரும். உள்ள என்னன்னு பாக்க ஜனம் கூடும்” என்றாராம் காவலர். “ஆள் பக்கத்துல வந்தா பறவை எந்திரிச்சிடும். இந்த வெயில்ல அது கொஞ்ச நேரம் எந்திரிச்சிருந்தா போதும், முட்டை வெந்திடும்.”

கண்டக்டரம்மாவிடம் இருபத்தொரு நாள் விடுப்பு சேர்ந்திருந்தது. இரண்டு வருடம் ஒரு நாள்கூட எடுக்காமல் சேர்த்தது. அவரும் கணவரும் மலையூரில் இருக்கும் கணவரின் அண்ணன் வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு. ரயில் டிக்கெட்கூட எடுத்தாகிவிட்டது. கணவர் லிப்ட் பழுதுபார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். சாப்பாட்டு மேஜையில் இவர் விஷயத்தைச் சொன்னதும் தட்டைப் பார்த்தபடியே கேட்டாராம்: “இருபத்தொம்பது வருஷத்துல ஒரு தடவ. அதுக்கும் குறுக்க ஒரு குருவியா?”

மூன்றாம் நாள் கணவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டார். “ரயிலடி வரைக்கும் போனேன். என் சீட்டுல அவரு பைய வச்சிக்கிட்டாரு” என்று என்னிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

கூட்டிலிருந்து ஐம்பது தப்படி தள்ளி ஒரு கயிற்றைக் கட்டி, குடையோடு நின்றார். காலை ஆறு மணியிலிருந்து பொழுது சாயும் வரை. வருகிறவர்களை நீண்ட பாதைக்குத் திருப்பிவிடுவதுதான் வேலை. முதல் வாரம் நன்றாகப் போனது. வாய்தான் அவருக்குச் சொத்து. ஆனால் பதினோராம் நாள் அதே வாய் காலை வாரிவிட்டது.

ஓர் அலுவலகத்திலிருந்து சுற்றுலா வந்த கூட்டம். ஒரே நிறச் சட்டைகள். முன்னால் வந்தவர் கயிற்றைத் தூக்கினார்.

“நீங்க யாரு எங்களத் தடுக்க? யூனிபாரம்கூட இல்ல.”

“யூனிபாரம் வீட்ல கொடியில தொங்குது. அடுத்த மாசம் என் பஸ்ல ஏறுங்க, காட்டுறேன்.”

பேச்சு தடித்தது. இவரும் விடவில்லை. எதிராளியை மடக்க இவருக்குப் பத்துப் பதில் கையில் இருந்தது, பத்தையும் சொன்னார். அந்தக் கால் மணி நேரத்தில் பின்வரிசையில் நின்ற இரண்டு பேர் கயிற்றுக்கு அடியில் நுழைந்து போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தபோது பறவை கூட்டில் இல்லை. இறக்கை ஒடிந்ததுபோல் மணலில் இழுத்து இழுத்து, அந்த இருவருக்கு முன்னால் நடித்துக்கொண்டிருந்தது. அவர்களைத் தன் பின்னால் வரவைத்து முட்டையிலிருந்து தள்ளிக் கூட்டிப்போகத்தான் அந்த நடிப்பு. காகம் அதற்குள் வேலையை முடித்திருந்தது. மூன்று இரண்டாயிற்று.

“நான் ஜெயிக்கணும்னு பேசிக்கிட்டிருந்தேன். அதுல ஒண்ணு போச்சு” என்கிறார். இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் பேருந்துக்குரிய குரலாக இருப்பதில்லை.

மறுநாளிலிருந்து யாரோடும் வாதாடுவதை விட்டுவிட்டார். வருகிறவர் எவ்வளவு முறைப்பாக வந்தாலும் பைனாகுலரை நீட்டுவார். “அந்தச் சிப்பிக்கு இடது பக்கம் பாருங்க. தெரியுதா? மெதுவா. ஒண்ணும் அவசரமில்ல.” பறவை தெரிந்ததும் பெரும்பாலானவர்கள் தாங்களாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். அப்படிப் பார்த்துவிட்டுப் போன ஒரு பல்மருத்துவரும் அவர் மனைவியும் மறுநாள் வந்து, இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை கயிற்றைப் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் இப்போது மஞ்சள் மேலங்கிக்காரர்கள்.

சாயங்காலமானால் மலையூரிலிருந்து கணவரின் அழைப்பு வரும். சாப்பிட்டாயா, உடம்பு எப்படி, ஒன்றும் கிடையாது.

“பொரிஞ்சிடுச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“ம்.” அதோடு சரி.

பத்தொன்பதாம் நாள் காலை நானும் அங்கே இருந்தேன். வனக்காவலர்தான் முதலில் பார்த்தார். பள்ளத்திலிருந்து, பஞ்சுருண்டைக்குக் கால் முளைத்த மாதிரி இரண்டு குஞ்சுகள் எழுந்து நின்றன. விழுந்தன. எழுந்தன. தாய் ஈர மணல் பக்கம் நின்று குரல் கொடுக்க, அவை நேராகப் போகாமல் கோணல்மாணலாக எங்கள் கயிற்றோரம் வந்தன. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் வந்த குஞ்சு, நாங்கள் நடந்து வந்த காலடித் தடம் ஒன்றில் குதிகால் பதிந்த குழிக்குள் விழுந்துவிட்டது. அதற்கு அது கிணறு. ஏறிப் பார்த்தது, சரிந்தது. இன்னொரு முறை ஏறியது, மணல் உள்ளே கொட்டியது. கண்டக்டரம்மா ஓரடி முன்வைத்தார், காவலர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். மூன்றாம் முறை குஞ்சு தானாகவே கரையேறி, தள்ளாடிக்கொண்டே தாயிடம் ஓடியது.

கண்டக்டரம்மா போனை எடுத்தார். மறுமுனையில் கேள்வி முடியும் முன்பே, “ரெண்டுங்க. ரெண்டும் நடக்குது” என்றார். மலையூரில் கணவர் அண்ணியைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொல்வது எங்களுக்கே கேட்டது. நாளை ரயிலேறி வருவதாகவும் சொன்னார்.

காவலர் என் கையைக் குலுக்கினார். கண்டக்டரம்மாவின் கையையும் குலுக்கலாமென்று திரும்பினால், ஆள் நின்ற இடத்தில் இல்லை. பறவைகள் நீரோரம் போய்ச் சேர்ந்துவிட்ட பிறகு, செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் மண்டியிட்டிருந்தார். காவலரின் பூட்ஸ் பதிந்த குழிகள், தன் குதிகால் குழிகள், ஒவ்வொன்றாக உள்ளங்கையால் மணலைத் தள்ளி நிரவிக்கொண்டே வந்தார். என் காலருகே வந்ததும் நிமிர்ந்து பார்க்காமலே என் கணுக்காலைத் தட்டினார். நான் காலைத் தூக்கினேன். அதற்கடியில் இருந்த தடத்தையும் நிரவினார்.