கை வைத்தால் ஓடும் லிஃப்ட்

என் சித்திக்கு அலுவலகத்தில் 'நம்பாத அக்கா' என்று பெயர். பழுதென்று திரும்பி வரும் சர்க்யூட் போர்டு மேசைமேல் சமத்தாக ஓடினால், மற்றவர்கள் 'நல்லாத்தான் இருக்கு' என்று எழுதி அனுப்பிவிடுவார்கள். சித்தி அனுப்பமாட்டாள். "டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் விட்டுடும். அதுக்காக வந்த காய்ச்சல் பொய்யா?" என்பாள்.

நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். நாங்கள் செய்பவை லிஃப்டை இயக்கும் போர்டுகள். நடுவில் உட்கார்ந்திருக்கும் சில்லுக்குச் சொந்த புத்தி கிடையாது. எந்தக் கதவு மூடினால் எந்த மோட்டார் சுழல வேண்டும் என்பதை நாம் எழுதி ஏற்ற வேண்டும். எழுதுகிறவர் சித்தப்பா.

இந்த வருஷம் எங்கள் போர்டு பொருத்திய லிஃப்டுகள் மாடிகளுக்கு நடுவில் திடீர் திடீரென்று நின்றன. கொஞ்ச நேரத்தில் தாமாகவே கிளம்பின. திரும்பி வந்த போர்டுகளோ மேசையில் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. சித்தி சூடு காட்டினாள், குளிர வைத்தாள், தட்டிப் பார்த்தாள். ம்ஹூம்.

"எல்லாத்துலயும் ஒரே புரோகிராம்தானே? அப்போ தப்பு அதுலதான்" என்றார் மேனேஜர். வார முடிவுக்குள் வேறு காரணம் தெரியாவிட்டால் எழுதும் வேலை வெளியாளுக்குப் போகும். சித்தப்பா வேலையை விட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

அன்று சாப்பிடும்போது அவர் மெல்லக் கேட்டார்: "என் புரோகிராம் மேல உனக்கும் சந்தேகமா?"

"இருக்கு. போர்டு மேலயும் இருக்கு. இந்தக் குழம்புல உப்பு போட்டீங்களாங்கறதுலயும் இருக்கு."

மறுநாள் லிஃப்ட் நின்றுபோன ஒரு கட்டடத்துக்கு நானும் அவளோடு போனேன். மொட்டை மாடி அறையில், சுவரோடு பொருத்திய இரும்புப் பெட்டிக்குள் போர்டு. மீட்டர் கம்பியின் ஊசிமுனையைச் சில்லின் ஒரு கால்மேல் வைத்து அழுத்தினாள். காலி லிஃப்ட் கிளம்பியது. எடுத்தாள். நின்றது. வைத்தாள். கிளம்பியது.

"தொட்டா புரோகிராம் மாறுமாடா? வேற ஏதோ ஒட்டாம இருக்கு" என்றாள். குரல் மாறியிருந்தது.

அளக்க வைத்த ஊசியே மருந்தாகிக்கொண்டிருந்தது. நோயைத் தேடிப் போன எல்லோரும் தெரியாமல் அதைக் குணப்படுத்திவிட்டுத் திரும்பியிருக்கிறோம்.

ஆனால் மேசையில் யாரும் தொடாமலே ஓடியதே? சித்தி ஒரு அளவுகோலைப் போர்டின்மேல் நிமிர்த்தி வைத்தாள். ஒரு மூலையில் அடியில் வெளிச்சம் தெரிந்தது. பெட்டிக்குள் போர்டைத் தாங்கும் நான்கு முட்டுகளில் ஒன்று குட்டை; பெட்டிகள் எல்லாம் ஒரே அச்சு. அங்கே ஸ்க்ரூவை இறுக்கும்போது போர்டு வளைகிறது. சில்லின் காலைப் போர்டோடு ஒட்டியிருக்கும் ஈயப் பற்றில் மயிரிழை விரிசல் வாய் திறக்கிறது. மேசையில் போர்டு நிமிர்கிறது, விரிசல் வாயை மூடிக்கொள்கிறது. பெட்டியை விட்டுவிட்டுப் போர்டை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தோம்.

மேனேஜரைக் கூப்பிட்டாள். லிஃப்ட் இல்லாததால் மூச்சிரைக்கப் படியேறி வந்தார், பின்னால் சித்தப்பா.

"புருஷனைக் காப்பாத்த என்னை இவ்ளோ உயரம் ஏத்தணுமாம்மா?"

"இந்த ஸ்க்ரூவை நீங்களே திருகுங்க சார்."

தளர்த்தினார், லிஃப்ட் ஓடியது. இறுக்கினார், நின்றது. மறுபடி தளர்த்தினார், மறுபடி இறுக்கினார். புது பொம்மை கிடைத்த பிள்ளைபோல் அவர் கை அதைவிட்டு வரவேயில்லை.

"சரி, புரோகிராம் சுத்தம்" என்றார் கடைசியில்.

"அப்படி நான் சொல்லலையே" என்றாள் சித்தி. "இந்தக் கால்ல சிக்னல் வரலைன்னா அது சும்மா நின்னுடுது. ஏன் நின்னேன்னு சொல்ற மாதிரி எழுதியிருந்தா நாம இப்படி அலைஞ்சிருக்க வேண்டாம். அது இவர் பண்ணின தப்பு."

சித்தப்பாவின் முகம் முதலில் சுருங்கியது. பிறகு வாய் கொள்ளாமல் சிரித்தார். "பார்த்தீங்களா சார், இவகிட்ட எனக்குச் சலுகையே கிடையாது."

"அதனாலதான் நம்பறேன்" என்றார் மேனேஜர். "நீங்களே சரி பண்ணி எழுதுங்க. வேலை உங்ககிட்டயே இருக்கட்டும்."

சித்தப்பா அங்கேயே தரையில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் வேர்வையைத் துடைத்தபடி, "ஸ்க்ரூ தளர்ந்துதானே இருக்கு, நான் லிஃப்ட்லயே இறங்கிடறேன்" என்றார்.

"பெட்டியைச் சரி பண்ணி, போர்டை மாத்தாம அதுல யாரும் ஏறக் கூடாது சார். நீங்களும்தான்."

மேனேஜர் படியில் இறங்கினார்.