ஈரம் காயாத சுவர்

லிஸ்மோர் ஊரில் வீட்டுச் சுவர்களுக்கு ஜிப்சம் போர்டு அடிக்கிறவர்களில் லிண்டன் பர்ஜஸைக் கொஞ்சம் மெதுவான ஆள் என்பார்கள். ஆனால் அவன் அடித்த சுவரில் விரிசல் விட்டதாக யாரும் சொன்னதில்லை. ஸ்க்ரூவின் தலை போர்டின் மேல் ஒட்டிய தாளைக் கிழிக்காமல் லேசாகப் பதிய வேண்டும். போர்டின் அடிவிளிம்பு தரையைத் தொடக்கூடாது. தொட்டால் ஈரத்தைக் குடிக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால், போர்டைத் தாங்குகிற மரச்சட்டம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும்.

பெருவெள்ளம் வடிந்த வருடம் அவனுக்கு ஓயாத வேலை. அக்கா நொயலீன் வீட்டிலும் தண்ணீர் ஜன்னல் உயரத்துக்கு நின்றிருந்தது. நனைந்த போர்டுகளைப் பிய்த்தெறிந்துவிட்டு, அவளும் கணவர் மெர்வும் முற்றத்தில் ஒரு கேரவனுக்குள் கிடந்தார்கள். குளிர்காலம் பிறந்ததும் மெர்வை இருமல் பிடித்துக்கொண்டது.

லிண்டன் ஈரம் பார்க்கிற மீட்டரைச் சட்டத்தில் குத்திப் பார்த்தான். "இன்னும் காயலக்கா. இப்ப மூடினா உள்ளயே பூசணம் பிடிச்சுடும்."

"ஆத்துத் தண்ணியே வீட்டுக்குள்ள குடியிருந்துட்டுக் கெளம்பிப் போயிடுச்சு. உன் மீட்டருக்குத்தான் இன்னும் மனசு வரல," என்று மெர்வ் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நொயலீன் சிரிக்கவில்லை. "ஊர்ல எல்லார் வீட்டையும் முடிச்சுக் குடுக்கறே. கூடப் பொறந்தவ தகரப் பெட்டிக்குள்ள நடுங்கறேன். முடியாதுன்னா சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

அவன் மீட்டரைப் பைக்குள் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினான். போர்டுகளை அடித்து, இணைப்புகளில் டேப் ஒட்டி, பூச்சு இழுத்து வழவழவென்று தேய்த்துக் கொடுத்தான். நொயலீன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

வசந்தம் வருவதற்குள் படுக்கையறையில் ஒரு புளித்த வாடை. ஒரு நாள் காலையில் மெர்வுக்கு மூச்சுத் திணறி, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். சேதி கேட்டு ஓடிவந்த லிண்டன் நேரே போய்க் கட்டிலுக்குப் பின்னாலிருந்த போர்டைப் பெயர்த்தான். பின்பக்கத் தாள் முழுக்கப் பூசணம், கரியைப் பூசியது போலிருந்தது.

மாற்றுத்துணி எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நொயலீன் கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"இப்படி ஆகும்னு உனக்குத் தெரியும்ல?"

"சொன்னேனேக்கா."

"சொன்னே. அப்புறம் ஏன்டா போட்டே? எனக்குத்தான் தெரியாது. நான் கெஞ்சினா நீ கேட்டுடறதா?"

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மெர்வ் பிழைத்துவிட்டார். ஆனால் அந்த வீட்டில் இனி கால் வைக்கக்கூடாது என்றார் டாக்டர். டாம்வொர்த் ஊரில் இருந்த அவர்களுடைய மகள் மெர்வை அழைத்துப் போனாள். நொயலீனும் கூடவே போனாள். லிண்டன் எல்லா போர்டையும் உரித்து, சட்டங்களைச் சுரண்டிக் கழுவி, கோடை முழுக்கத் திறந்தே போட்டு வைத்தான். மரம் காய்ந்த பிறகுதான் புது போர்டு ஏறியது. வேலை முடிந்ததும் அக்காவுக்குப் போன் போட்டான்.

"வித்துடலாம்னு இருக்கோம்டா," என்றாள் அவள். "பாக்க வர்றவங்ககிட்ட நடந்ததை மறைக்காம சொல்லிடு."

அவன் சொன்னான். முதலில் வந்த குடும்பம், கேட்டதும் காரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது.