எங்கள் வரப்பில் வந்து நின்ற விமானம்

எழுபதுகளின் தொடக்கம். பூதலூருக்குத் தெற்கே, ரோடு வசதியே இல்லாத எங்கள் ஊரில், ஒரு மாசி மாதக் காலையில் நடந்தது இது. எனக்குக் கல்யாணமாகி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். எதைக் கண்டாலும் கிட்டே போய்ப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. "இவ மூக்கு நுழையாத எடமே கெடையாது" என்று என் மாமியார் தலையில் அடித்துக்கொள்வார்.

அன்றைக்கு உளுந்து வயலில் ஆடு இறங்காமல் காவலுக்கு நின்றிருந்தேன். தலைக்கு மேலே இருமுகிற மாதிரி ஒரு சத்தம். நிமிர்ந்து பார்த்தால், பனைமரங்களை உரசிக்கொண்டு ஒரு குட்டி விமானம்! எங்கள் வயலை ஒட்டியிருந்த மேய்ச்சல் திடலில் இறங்கி, இரண்டு தடவை துள்ளி, ஒரே புழுதியாகக் கிளப்பிக்கொண்டு எங்கள் வரப்பில் மூக்கு இடிக்கிற தூரத்தில் வந்து நின்றது. ஆடுகள் எல்லாம் தலைதெறிக்க ஓடின. நான் மட்டும் அதைப் பார்த்து ஓடினேன்.

கதவைத் திறந்துகொண்டு ஐந்து வெள்ளைக்காரர்களும், விமானியும், மெட்ராஸிலிருந்து கூட வந்த ஒரு வழிகாட்டியும் இறங்கினார்கள். தொப்பி போட்ட ஒரு வயதான அம்மா என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நானும் ஆடு விரட்டுகிற குச்சியோடேயே கும்பிட்டேன்.

கோடியக்கரைக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களாம். வழியில் இஞ்சின் கோளாறு. இப்படி ஏழெட்டுப் பேராகச் சேர்ந்து, சின்ன விமானம் வைத்துக்கொண்டு, ரோடு போகாத காடு, தீவு, மலையூர் என்று தேடித் தேடிப் பார்ப்பார்களாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"ரோடு இல்லாத ஊரப் பாக்க இவ்வளவு செலவா? நாங்க ரோடு போடுங்கன்னு நாயா அலையுறோம். இங்கயே பாத்துக்கச் சொல்லுங்க!" என்றேன். வழிகாட்டி அதை என்னவென்று சொன்னாரோ, அந்தத் தொப்பியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மிராசுதார் வீட்டில்தான் அவர்களுக்குச் சாப்பாடும் படுக்கையும். ஆனால் பொழுது முழுக்கத் திடலில்தான் கிடந்தார்கள். ஊரே அவர்களைப் பார்த்தது. அவர்கள் ஊரைப் பார்த்தார்கள். உளுந்துக் காயை உரித்து அந்த அம்மா கையில் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு, நெல் அறுத்த தரையில் இது எப்படி முளைத்தது, தண்ணீர் யார் விடுகிறார்கள், இந்த மேடு எதற்கு என்று கேள்வி மேல் கேள்வி. என்னைப் போலவே ஒரு ஜென்மம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த மேடுதான் எங்கள் வரப்பு. அதைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். நிலம் மிராசுதாருடையது. என் மாமனார் காலத்திலிருந்து எங்கள் குத்தகை. குத்தகைக்காரர் பேரைத் தாலுக்கா ஆபீஸில் பதிய வேண்டும் என்று புதுச் சட்டம் வந்ததும், மிராசுதார் ஒரே போடாகப் போட்டுவிட்டார். "குத்தகையாவது ஒண்ணாவது, அது என் சொந்தப் பண்ணை. அவங்க கூலிக்கு வர்ற ஆளுங்க" என்று. எங்களிடம் எழுத்து எதுவும் கிடையாது. நாங்கள் போட்ட வரப்பும், நாங்கள் தெளித்த உளுந்தும்தான் சாட்சி. தாசில்தார் விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் வக்கீலைப் பார்க்கத் தஞ்சாவூர் போயிருந்தார். விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்கும் மிராசுதாருக்கும் கூலித் தகராறு வேறு நடந்துகொண்டிருந்ததால் பள்ளிக்கூடத்தில் போலீஸ் தங்கியிருந்தது.

மறுநாள் மெக்கானிக் வந்து இஞ்சினைச் சரி செய்துவிட்டார். விமானி திடலை மேலும் கீழும் நடந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். கிளம்பி மேலே ஏற இந்த நீளம் போதாது. எங்கள் வயலையும் சேர்த்தால்தான் முடியும். அதற்கு வரப்பை வெட்டித் தரையோடு தரையாக்க வேண்டும். கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. மழை பெய்தால் எங்கள் களிமண்ணில் அந்த விமானம் எருமை மாதிரி படுத்துவிடும்.

வண்டிப்பாதையில் குலுங்கிக்கொண்டு ஜீப்பில் தாசில்தாரும் வந்து சேர்ந்தார். "எல்லாம் நம்ம எடம்தான். வெட்டுங்கப்பா" என்று மிராசுதார் கை காட்டினார்.

ஒருவரும் அசையவில்லை. சங்கத்துத் தலைவர் மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்காமலே சொன்னார்: "அது அக்கா போட்ட வரப்புங்க. அவங்க சொல்லாம மம்பட்டி எறங்காது."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பகையாளி வரப்பானாலும் போட்டவரைக் கேட்காமல் வெட்ட மாட்டார்கள். எல்லார் கண்ணும் என் மேல் திரும்பியது. நான் போய் வரப்பின் மேல் உட்கார்ந்துகொண்டேன். தைரியத்தில் இல்லை, யோசிக்கக் கொஞ்சம் நேரம் வேண்டியிருந்தது. வரப்பும் போய் உளுந்தும் போனால் விசாரணையில் எதைக் காட்டுவேன்? வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வேன்? இன்னொரு பக்கம், பாழாய்ப்போன மனசு, அது எப்படித்தான் எழும்பும் என்று பார்க்கத் துடிக்கிறது!

இடி உருண்டது. விமானி வானத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வந்த விருந்தாளிகள் முன்னால் தன் பேச்சு எடுபடவில்லையே என்று மிராசுதாருக்கு முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று வயலில் இறங்கி என் எதிரே வந்து நின்றார்.

"ஏம்மா, ஒன் வரப்புதான, ஒரு வார்த்த சொல்லேன். அவங்க போனதும் பழையபடி போட்டுக்க. ஒன் உளுந்துக்கு நான் பொறுப்பு."

ஒன் வரப்பு, ஒன் உளுந்து என்று தன் வாயாலேயே சொல்லிவிட்டது அவருக்கு உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. தாசில்தாருக்கும் உறைத்திருக்க வேண்டும், சட்டென்று என்னைப் பார்த்தார். நான் எழுந்து, திடலில் கடைசி ஆளுக்கும் கேட்கிற மாதிரி, "ஐயா வாயால கேட்டுட்டாங்க! நான் சரின்னுட்டேன்! வெட்டுங்க!" என்று கத்தினேன். மண்வெட்டியை வாங்கி முதல் வெட்டை நானே போட்டேன்.

பெண்கள் உளுந்தைப் பிடுங்க, அந்த ஐந்து பேரும் குனிந்து பிடுங்கினார்கள். பாரம் குறையட்டும் என்று விமானி மட்டும் ஏறிக்கொண்டார். எங்கள் வயலின் கடைசியிலிருந்து விமானம் தடதடவென்று ஓடி, பனைமர உச்சியை ஒரு முழத்தில் தாண்டி மேலே போனது. நான் குழந்தை மாதிரி கைதட்டினேன். கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது.

தஞ்சாவூரில் போய் விமானத்தில் ஏறிக்கொள்ள தாசில்தாரின் ஜீப்பில் கிளம்பும்போது தொப்பியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த தடவை வந்தால் அந்த மேடு இருக்குமா என்று கேட்டார். "இருக்கும், வந்து பாருங்க" என்றேன்.

சாயங்காலம் நனைந்துகொண்டு வந்த என் வீட்டுக்காரர் வெறும் வயலைப் பார்த்துவிட்டு, "அடிப்பாவி, குடியக் கெடுத்துட்டியே!" என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். நான் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தரை காய்ந்ததும் சங்கத்து ஆட்களே வந்து வரப்பைப் போட்டுக் கொடுத்தார்கள்.

விசாரணை அன்றைக்கு மிராசுதார், "இவங்களுக்கும் அந்த நெலத்துக்கும் சம்பந்தமே இல்லீங்க" என்று ஆரம்பித்தார். தாசில்தார் பேனாவைக் கீழே வைத்தார். "அப்பறம் எதுக்கு சார் அன்னிக்கு இந்த அம்மாகிட்டப் போய் நின்னீங்க?" என்றார். என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது. குத்தகை எங்கள் பேரில் பதிவானது.

அந்த அம்மா திரும்ப வரவே இல்லை. இப்போது நான்தான் வெளிநாட்டில் இருக்கும் மகன் வீட்டுக்கு விமானத்தில் போய் வருகிறேன். ஜன்னல் பக்கம்தான் வேண்டும் என்று அடம் பிடிப்பேன். கீழே வரப்புகள் கோடு கோடாகத் தெரியும்போது, ஊரையே தனதென்று சொன்ன மனிதர் என்னிடம் வந்து கேட்ட அந்த ஒரு வார்த்தையை நினைத்து, இத்தனை வயதுக்கு மேலும் என் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது.