பாக்கியலட்சுமி பார்க்கப் போன வங்காளிப் படம்

பாக்கியலட்சுமிக்குப் பிடித்த படம் எது என்று கேட்டால், மேட்டுப்பாளையத்து மருந்து கம்பெனியில் அவளோடு பாட்டில் அடைக்கிற பெண்கள் எல்லோருமே சொல்லிவிடுவார்கள்: "அதான், அந்த வங்காளிப் படம்." சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். பார்த்தவர் ஒருத்தரும் இல்லை.

பத்தாம் வகுப்பு முடித்த கோடையில், முதலியார்பேட்டையில் எதிர்வீட்டு டிவியில் ஒரு ஞாயிறு மத்தியானம் அதைப் பார்த்தாள். ஏதோ நாவலை வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். பாட்டு இல்லை என்று தெரிந்ததும் கூட இருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள்.

ஆற்றங்கரை ஊரில் ஒரு வாத்தியார். அக்கரையில் இருக்கும் அவள் அம்மாவைப் பார்க்க அழைத்துப் போகிறேன் என்று மனைவியிடம் வருஷா வருஷம் சொல்கிறார். வருஷா வருஷம் ஏதோ ஒன்று குறுக்கே வந்துவிடுகிறது. அவர் கெட்டவர் இல்லை. அதுதான் பாக்கியலட்சுமியை உலுக்கியது. தமிழ்ப் படமாக இருந்தால் இந்நேரம் குடித்துவிட்டு வந்து அடித்திருப்பார். இவர் சிரித்த முகமாகவே மறந்துபோகிறார். கடைசியில் அம்மா செத்த சேதிதான் வருகிறது. ஒருநாள் அந்தப் பெண் அடுப்பை அணைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் படகேறுகிறாள். நடு ஆற்றில் அவள் முகத்தை மட்டும் வெகுநேரம் காட்டுகிறார்கள். அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. அதோடு படம் முடிந்தது. பாக்கியலட்சுமிக்குள் அது முடியவில்லை.

கல்யாணம், பிள்ளைகள், ஷிப்டு என்று காலம் ஓடியது. மகள் சிவசங்கரி போனில் அந்தப் படத்தைத் தேடிக் கொடுத்தாள். தேய்ந்துபோன பிரதி; அதில் அந்த ஆறே ஓர் அழுக்குத் துணி மாதிரி தெரிந்தது. பாக்கியலட்சுமி நூலகத்தில் நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பை எடுத்துப் படித்தாள். பிடிக்கவில்லை. "படகுல உக்காந்துகிட்டு அவ இன்னா நெனைக்கிறான்னு பக்கம் பக்கமா எழுதி வெச்சிருக்காரு. அந்த மூஞ்சி போதாதா?" என்று மகளிடம் சலித்துக்கொண்டாள்.

அதனால்தான், திரைப்படச் சங்கம் ஒன்று அந்தப் படத்தைப் பெரிய திரையில் காட்டப்போவதாக நோட்டீஸ் பார்த்ததும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஷிப்டு மாற்றிக்கொண்டாள். தட்டாஞ்சாவடிப் பட்டறையில் இரும்புக் கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்த புருஷன் கலைவாணனையும் விடவில்லை.

"பாஷையே தெரியாத படத்துக்கு நான் எதுக்கு?"

"கீழ இங்கிலீஷ்ல போடுவாங்க."

"அது மட்டும் எனக்குத் தெரியுமா?"

"நான் சொல்றேன், வாங்க."

நாலு மணிப் படம். முதலில் குத்துவிளக்கு. பிறகு வரவேற்புரை, சால்வை, வாழ்த்துரை. பேராசிரியர் ஒருவர் முழுக் கதையையும் முடிவோடு சேர்த்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். மணி ஐந்தரை தாண்டித்தான் விளக்கை அணைத்தார்கள்.

ஆனால் அந்த ஆறு! சுவர் முழுக்க வெள்ளம். கலைவாணனின் காதில் வசனத்தைச் சொல்லிக்கொண்டே வந்தவள், அவனே முன்னால் சாய்ந்து பார்க்க ஆரம்பித்ததும் நிறுத்திக்கொண்டாள். அம்மா செத்த சேதி வந்தது. அடுப்பு அணைந்தது. அந்தப் பெண் படித்துறையில் இறங்கிப் படகில் கால் வைத்தாள்.

திரை வெள்ளையாகிவிட்டது. விளக்குகள் எரிந்தன.

சங்கத்துச் செயலாளர் தமிழ்மாறன் மைக்கைப் பிடித்தார். "ஹாலை ஏழு மணிக்கு வேற நிகழ்ச்சிக்குக் குடுத்திருக்காங்க. மன்னிக்கணும். மீதிய யூடியூப்ல பாத்துக்கலாம்."

கூட்டம் கைதட்டிவிட்டுக் கலைந்தது. பாக்கியலட்சுமி மேடைக்கே போய்விட்டாள்.

"இன்னும் பத்து நிமிஷம்தான் சார் இருக்குது!"

"புரியுதும்மா. என் கையில இல்ல."

"பேச்சுல ஒரு ஆளைக் கொறைச்சிருக்கலாம் இல்ல?"

"வந்தவங்களப் பேசாதீங்கன்னு சொல்ல முடியுமாம்மா?" அவர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே பேசினார்.

வெளியே ஸ்கூட்டரண்டை வந்ததும் கலைவாணன் கேட்டான்: "அப்பறம் இன்னா ஆச்சி?"

அவளுக்குக் கோபமெல்லாம் இறங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அப்படி யாரும் கேட்டதில்லை. நடு ஆற்றையும் அந்த முகத்தையும் நின்றபடியே சொன்னாள்.

அவன் ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். பிறகு, "பாவம் அந்த வாத்தியாரு" என்றான்.

"இன்னாது?"

"பசியோட வூட்டுக்கு வருவாரு. அடுப்பு அணைஞ்சி கெடக்கும். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம் இல்ல?"

"எத்தினி வருஷம் கேட்டா அவ!"

"அவரு வேணும்னா செஞ்சாரு? வேலை வந்துடுச்சி."

நிஜமாகவே அவன் கண் கலங்கியிருந்தது. அவன் தூங்கியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. ஒரு காட்சி விடாமல் பார்த்துவிட்டு, வேறு ஏதோ படத்தைப் பார்த்தவன் மாதிரி பேசுகிறானே!

"நீங்க அந்த மூஞ்சியப் பாக்கல. பாத்திருந்தா இப்டிப் பேச மாட்டீங்க."

"பாத்தாலும் இதான் சொல்லுவேன்."

வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றிய கையோடு போனில் கடைசிப் பத்து நிமிடத்தை ஓடவிட்டு அவன் முன்னால் நீட்டினாள். அவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். "ஒன்னும் தெரியல லட்சுமி. இருட்டாக் கெடக்குது."

அவளும் எட்டிப் பார்த்தாள். உண்மைதான். முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தமிழ்மாறனுக்குப் போன் போட்டாள். கடைசிப் பகுதியை மட்டுமாவது இன்னொரு நாள் போடச் சொன்னாள். கமிட்டியில் பேசணும் என்றார். வியாழக்கிழமை மறுபடியும் போட்டாள். கமிட்டி கூடவில்லை என்றார். இப்போதெல்லாம் அவள் நம்பரைப் பார்த்தால் அவர் எடுப்பதில்லை. அதனால் கலைவாணன் போனிலிருந்து போடுகிறாள். போனைக் கொடுக்கும்போதெல்லாம், அந்த வாத்தியார் மேல் தப்பே இல்லை என்று அவன் ஒருமுறை சொல்லாமல் இருப்பதில்லை.